கம்ப்யூட்டர் படிக்கப் போகும் பெண்ணுக்குத் தத்துவமும் இறையியலும் எதற்கு?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். மகளுக்கு அமெரிக்காவில் சேசு சபையினர் (ஜெசூட் துறவிகள்) நடத்தும் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பாடப் பட்டியலைப் பார்த்தால் மொத்தம் 40 பாடங்களில் 13 பாடங்களுக்கு 'கோர்' என்று பெயர் போட்டிருக்கிறது, ஆனால் அந்தப் பதின்மூன்றில் கம்ப்யூட்டரே இல்லை. தத்துவம் இரண்டு, இறையியல் இரண்டு, வரலாறு, இலக்கியம், கட்டுரை எழுதும் பயிற்சி, ஓவியமோ இசையோ ஒன்று, இப்படிப் போகிறது. "பேங்க் லோன் போட்டு அனுப்புகிறோம், இதற்கெல்லாமா டாலரில் பணம் கட்ட வேண்டும்? நாங்கள் சைவக் குடும்பம், பெண்ணை மதம் மாற்றப் பார்ப்பார்களா? இந்தப் பாடங்களை லீவில் ஆன்லைனில் மலிவாக முடித்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார், செய்யலாமா?" இதுதான் கேள்வி.

நான் புதுச்சேரிக்காரன், கத்தோலிக்கன், 28 வருஷம் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் தத்துவமும் அறவியலும் நடத்தியவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மூன்று கேள்விகளும் நியாயமானவை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல். நம் ஊர்க் கல்லூரிகளில் 'கோர் பேப்பர்' என்றால் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்குகிறோமோ அந்தப் பாடம். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-இல் கோர், அலைடு, அப்புறம் பகுதி 4-இல் வேல்யூ எஜுகேஷன், ஈ.வி.எஸ் என்று நாம் பழகியிருக்கிறோம். அமெரிக்காவில் இது தலைகீழ். பட்டத்துக்கான பாடத்தை அங்கே 'மேஜர்' என்பார்கள். கோர் என்பது கம்ப்யூட்டர் படிப்பவர், நர்ஸிங் படிப்பவர், கணக்கியல் படிப்பவர் எல்லாரும் சேர்ந்து படிக்க வேண்டிய பொதுப்பகுதி. மரத்தில் கிளைகள் தனித்தனியாகப் பிரியலாம், அடிமரம் ஒன்றுதான் என்ற கணக்கு. ஒரு பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட், ஆக 40 பாடம். அதில் மூன்றில் ஒரு பங்கை இப்படிப் பொதுவாக வைப்பது கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியது. உங்கள் பெண்ணுக்கு வந்திருக்கும் பட்டியலில் விசித்திரமாக ஒன்றும் இல்லை.

இந்தப் பழக்கம் கத்தோலிக்கர்கள் மட்டும் வைத்திருப்பதும் இல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வரும்போது கன்னியக்கோவில் தாண்டி உள்ளே போனால் பாகூர். பெரிய ஏரி, மூலநாதர் கோவில், நெல் வயல் என்று இன்றைக்கு அமைதியாக இருக்கும் ஊர். 9-ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில், அங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்விக்கூடம், இருந்தது. அதை நடத்துவதற்காக மூன்று கிராமங்களை எழுதிக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி வித்தைகள் பதினான்கு என்று எண்ணுவார்கள்: நான்கு வேதம், இலக்கணமும் வானநூலும் உள்ளிட்ட ஆறு அங்கம், அப்புறம் மீமாம்சை, தர்க்கம், புராணம், தர்மசாத்திரம். படித்தவன் என்றால் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று எப்படித் தொடர்பு என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கிறது. அந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை, அது வேறு கதை, மறக்கக் கூடாத கதையும்கூட. ஆனால் கல்வி என்றால் ஒரு தொழிலுக்கான பயிற்சி மட்டும்தான் என்று நம் மண்ணில் படித்தவர்கள் நினைக்கவில்லை என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

இன்னொரு சாட்சி புதுச்சேரியிலேயே. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே என்ற பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளை டாக்டராகப் போகட்டும், இன்ஜினியராகப் போகட்டும், பள்ளிக் கடைசி வருஷத்தில் தத்துவம் கட்டாயம், நாலு மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். பிரான்ஸ் அரசு மதத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாத அரசு, அவர்களே தத்துவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆக, 'கம்ப்யூட்டருக்குத் தத்துவம் எதற்கு' என்ற கேள்வியைக் கத்தோலிக்கர்களிடம் மட்டும் கேட்க முடியாது.

அப்படியானால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கோருக்கு என்று தனியாக என்ன நோக்கம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற மூன்றும், எண்கணிதம், வடிவகணிதம், இசை, வானியல் என்ற நான்கும் சேர்ந்து ஏழு கலைகள். பாரிஸில் இறையியல் படிக்கப் போகிறவர் முதலில் கலைப் புலத்தில் இவற்றோடு அரிஸ்டாட்டிலையும் பல வருஷம் படித்துவிட்டுத்தான் மேலே போவது வழக்கம். அதாவது கடவுளைப் பற்றிப் பேச வேண்டுமானாலும் முதலில் தர்க்கம் தெரிய வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் அங்கே கற்பித்த புனித தாமஸ் அக்குவினாஸ் இந்த எண்ணத்துக்குத் தெளிவான உருவம் கொடுத்தார்: அறிவால் கண்டுபிடிக்கிற உண்மையும் விசுவாசத்தால் ஏற்கிற உண்மையும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன, எனவே இரண்டும் கடைசியில் மோத முடியாது. மோதுவது போலத் தெரிந்தால் நாம் எங்கேயோ தப்பாகப் படித்திருக்கிறோம், இரண்டு பக்கமும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

சேசு சபையினர் 1548-இல் சிசிலியில் மெசினா என்ற ஊரில் பொதுமக்களின் பிள்ளைகளுக்காகக் கல்லூரி திறந்தார்கள். ஐம்பது வருஷ அனுபவத்துக்குப் பிறகு 1599-இல் உலகம் முழுக்கத் தங்கள் பள்ளிகளுக்கெல்லாம் ஒரே கல்வித் திட்டத்தை வெளியிட்டார்கள், 'ராசியோ ஸ்துதியோரும்' என்று லத்தீன் பெயர். முதலில் மொழி, இலக்கணம், இலக்கியம், பேச்சுக்கலை. அடுத்து தத்துவம், கணிதம், இயற்கை அறிவியல். உச்சியில் இறையியல். 1773-இல் திருத்தந்தை அந்தச் சபையையே கலைத்த நேரத்தில் 700-க்கும் மேற்பட்ட பள்ளிகளும் கல்லூரிகளும் அவர்கள் கையில் இருந்தன.

இந்தத் திட்டம் எப்படிப்பட்ட ஆளை உருவாக்கும் என்பதற்கு இத்தாலி வரை போக வேண்டாம், உங்கள் மாவட்டத்திலேயே விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பம் இருக்கிறது. அங்கே மாதாவுக்குப் பெரியநாயகி என்று தமிழ்ப் பெயர் வைத்துக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவர், 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, இதே பாடத்திட்டத்தில் வளர்ந்தவர்தான். அவர் தமிழ்நாட்டுக்கு வந்து செய்ததைக் கொஞ்சம் பாருங்கள். தமிழ் இலக்கணம் எழுதினார், சதுரகராதி தொகுத்தார், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார், தேம்பாவணி என்று ஒரு காப்பியமே பாடினார். வெறும் மதபோதனைப் பயிற்சி மட்டும் வாங்கியவர் இன்னொரு மக்களின் மொழிக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்க மாட்டார் என்பது என் திடமான எண்ணம். சின்ன வயதிலேயே இலக்கணத்தை ஒரு அறிவாக, கவிதையை ஒரு அறிவாக மதிக்கப் பழகியிருந்ததால்தான், தமிழில் அதைக் கண்டபோது அவருக்கு அதன் உயரம் தெரிந்தது.

சரி, பழங்கதை போதும். இன்றைய கோருக்கான நேரடியான வாதத்தை எடுத்துவைத்தவர் ஜான் ஹென்றி நியூமன். ஆங்கிலேயர், ஆங்கிலிக்கன் குருவாக இருந்து 1845-இல் கத்தோலிக்கரானவர், 2019-இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அயர்லாந்தில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்க அழைத்தபோது, 1852-இல் டப்ளினில் சில உரைகள் நிகழ்த்தினார், பல்கலைக்கழகம் 1854-இல் திறந்தது. அவர் சொன்னதில் இரண்டு விஷயம் உங்கள் கேள்விக்கு நேராக வருகிறது.

ஒன்று, எல்லா அறிவும் ஒரே உலகத்தைப் பற்றியது. ஒவ்வொரு துறையும் அந்த உலகத்தின் ஒரு பக்கத்தைத்தான் பார்க்கிறது. ஒரு துறையை வட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, பக்கத்துத் துறைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பொருளாதாரம் படித்தவர் மனிதனின் நன்மை என்றால் வருமானம்தான் என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்குவார், உயிரியல் படித்தவர் அன்பு என்றால் ஹார்மோன்தான் என்று முடித்துவிடுவார். அவர்கள் துறையில் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம், எல்லையைத் தாண்டி வந்து பேசுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாமல் போய்விடும். இறையியலும் அந்த வட்டத்தில் ஒரு துறை, அதை எடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்ன, முடிவு என்ன என்ற கேள்விக்குத் தகுதியில்லாதவர்கள் பதில் சொல்லத் தொடங்குவார்கள் என்றார்.

இரண்டாவது இன்னும் முக்கியம். இப்படிப்பட்ட பொதுக்கல்வியின் வேலை மாணவரை நல்ல கிறிஸ்தவராக ஆக்குவதுகூட இல்லை, அறிவை விரிவாக்குவதுதான் என்று நியூமன் வெளிப்படையாகச் சொன்னார். தன்னை அழைத்தவர்கள் ஆயர்கள் (பிஷப்புகள்) என்று தெரிந்தும் சொன்னார்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜார்ஜ் லெமெய்த்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்க குரு, லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர், 1931-இல் எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று எழுதியவர். இன்று பெருவெடிப்பு என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. 1951-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் என்ற திருத்தந்தையே ஒரு உரையில் இந்த அறிவியலையும் படைப்பையும் சேர்த்துப் பேசினார். சாதாரணமாக ஒரு குருவானவர் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். லெமெய்த்ருக்கு அது பிடிக்கவில்லை. என் கணக்கு இயற்பியல் கணக்கு, நாளைக்கு மாறலாம், அதன் மேல் விசுவாசத்தைக் கட்டக் கூடாது என்பது அவர் நிலை. இறையியல் தெரிந்ததால்தான் அவருக்கு அந்த எல்லை தெரிந்தது. இரண்டையும் முறையாகப் படித்தவர் இரண்டையும் குழப்ப மாட்டார். ஒன்றை மட்டும் படித்துவிட்டு மற்றதைக் கேள்விஞானத்தில் வைத்திருப்பவர்தான் குழப்புகிறார், வாட்ஸ்அப்பில் தினமும் பார்க்கிறோமே.

அமெரிக்காவில் இந்தப் பொதுப்பகுதி உயிரோடு இருப்பதற்கு ஒரு சண்டையும் காரணம். 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர் தனக்குப் பிடித்த பாடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்று கட்டாயப் பாடங்களை ஏறக்குறைய எடுத்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே பாடம் என்று சேசு சபைக் கல்லூரிகள் பிடிவாதமாக இருப்பதைக் குறை சொல்லி 1899-இல் எழுதினார். சேசு சபையின் பாஸ்டன் கல்லூரிக்கு முன்பு தலைவராக இருந்த தந்தை பிராஸ்னஹன் என்பவர் அதற்குப் பதில் எழுதினார். தான் என்ன படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு படிப்பு வேண்டும், பதினெட்டு வயதில் அந்தப் படிப்பு இன்னும் ஆகியிருக்காது என்பதுதான் பழைய முறையைத் தாங்கியவர்களின் அடிப்படை வாதம். என் அனுபவத்தில் இது ரொம்பச் சரி. அப்புறம் காலப்போக்கில் சேசு சபைக் கல்லூரிகளும் நிறைய விட்டுக்கொடுத்தன, லத்தீனும் கிரேக்கமும் போய்விட்டன, தத்துவப் பாடங்களும் குறைந்தன. ஆனால் தத்துவமும் இறையியலும் அடியோடு போகவில்லை.

இனி மதமாற்றக் கேள்வி. உங்கள் பயத்தைச் சின்னதாக நினைக்கவில்லை.

அங்கே இறையியல் என்று நடப்பது ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு இல்லை. மறைக்கல்வி என்பது விசுவாசத்தை ஏற்றுக்கொண்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது. பல்கலைக்கழக இறையியல் என்பது கடவுள் உண்டா, உண்டென்றால் நல்லவர் ஒருவர் படைத்த உலகத்தில் ஏன் இவ்வளவு துன்பம், ஒரு புனித நூலை எப்படிப் படிப்பது, பல மதங்கள் இருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேள்விகளாகப் போகும். ஜார்ஜ்டவுன் என்ற பழைய சேசு சபைப் பல்கலைக்கழகத்தில் ஒரு அடிப்படைப் பாடத்தின் பெயரே 'கடவுள் என்ற பிரச்சினை'. ஜெபம் பண்ணினால் மார்க் கிடையாது, நம்பாவிட்டால் மார்க் குறையாது. வாதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு, சரியாக எடுத்துச் சொல்லி, ஏற்கிறாயா மறுக்கிறாயா என்று காரணத்தோடு எழுத வேண்டும், அதற்குத்தான் மார்க். உங்கள் பெண் சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், தளை) என்ற கண்ணோட்டத்திலிருந்து ஒரு கட்டுரை எழுதினால் நல்ல பேராசிரியர் கட்டாயம் மகிழ்வார், அந்த வகுப்பில் வேறு யாராலும் அதை எழுத முடியாது.

எழுத்துப்பூர்வமாகவும் இருக்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990 ஆகஸ்டு 15-இல் ஒரு ஆவணம் வெளியிட்டார். பாடங்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பது, விசுவாசத்துக்கும் அறிவுக்கும் நடுவே உரையாடல், அறக் கவலை, இறையியல் பார்வை என்று ஆராய்ச்சிக்கு நாலு தேவைகளை அதில் சொல்கிறார். அதே ஆவணத்தின் விதிகளில் ஒவ்வொருவருடைய மனசாட்சிச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. வளாகத்தில் திருப்பலி நடக்கும், சிலுவை மாட்டியிருப்பார்கள், குருக்கள் நடமாடுவார்கள், யாராவது ஒரு மாணவர் ஆர்வத்தில் அழைக்கவும் கூடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம், அவ்வளவுதான். அங்கே படிக்கிற முஸ்லிம் பிள்ளைகள், யூதப் பிள்ளைகள், எந்த மதமும் இல்லாத பிள்ளைகள் எல்லாரும் இதே பாடங்களைத்தான் எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் நிலைமை வேறு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் ஒருவருடைய சம்மதம் இல்லாமல், சின்னப் பிள்ளை என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல், மதபோதனையில் சேர்க்க முடியாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம், இத்தனை மதம் உள்ள நாட்டுக்கு அவசியமான சட்டம். ஆனால் அதையொட்டி நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் ஒரு சுலபமான வழிக்குப் போய்விட்டன என்று எனக்கு நெடுநாள் வருத்தம். கத்தோலிக்கப் பிள்ளைகளை ஒரு அறையில் மறைக்கல்விக்கு உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களை இன்னொரு அறையில் வேல்யூ எஜுகேஷனுக்கு உட்கார வைப்பது. இரண்டு அறைக்கும் நடுவே பேச்சே இல்லை. நான் வேலை பார்த்த இடத்தில் அந்த வகுப்பு வாரத்துக்கு ஒரு மணி நேரம், பெரும்பாலும் கடைசிப் பீரியட், யாருக்கு வேலைப்பளு குறைவோ அவர் போய் நடத்துவார். கோபத்தை அடக்குவது எப்படி, பெரியவர்களை மதிப்பது எப்படி என்று நோட்ஸ். தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் எடுத்துப் படித்து 80 மார்க் வாங்கிவிடுவார்கள். ஒழுக்கத்தைப் பற்றி நோட்ஸ் கொடுக்க முடியும், ஒழுக்கத்தைப் பற்றி யோசிக்கக் கற்றுக்கொடுக்க நோட்ஸ் போதாது. பல வருஷம் நிர்வாகத்திடம் கேட்டேன், தர்க்கமாவது ஒரு பாடமாக எல்லாருக்கும் வையுங்கள் என்று. நடக்கவில்லை.

அதே வகுப்பில்தான் எனக்கு இந்தப் படிப்பின் நோக்கம் புரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2005 ஜனவரி. டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லூரி திரும்பத் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தேவனாம்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன், பி.காம் இரண்டாம் வருஷம், வீட்டில் இரண்டு பேரை இழந்தவன், வகுப்பில் எழுந்து கேட்டான்: "சார், இது தண்டனைன்னு சொல்றாங்க, விதின்னு சொல்றாங்க, கடலுக்கு அடியில நிலநடுக்கம்னும் சொல்றாங்க. எது சரி?" அன்றைக்கு நான் நோட்ஸை மூடிவிட்டேன். நிலநடுக்கம் என்பது எப்படி நடந்தது என்பதற்குப் பதில், அது சரியான பதில். தண்டனை என்பது ஏன் என்ற கேள்விக்கு யாரோ அவசரமாகக் கொடுத்த பதில், அதை ஏற்க வேண்டியதில்லை, ஏன் ஏற்க வேண்டியதில்லை என்று காரணத்தோடு சொல்ல முடியும். யோபுவின் கதையைச் சொன்னேன். நல்லவனுக்கு ஏன் துன்பம் என்று அவன் கடவுளிடமே வழக்காடினான், தண்டனை என்று சொன்ன நண்பர்களைத்தான் கடவுள் கண்டித்தார். ஒரு முஸ்லிம் மாணவன் அவன் மரபில் அயூப் என்று இதே ஆள் இருக்கிறார் என்றான். ஒரு பெண் கர்மவினை என்று பேசும்போது அது செத்தவர்கள் மேல் பழி போடுவதாக ஆகிவிடுகிறதே என்று கேட்டாள். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. பையனுக்குப் பதில் கிடைத்ததா என்றால், முழுதாக இல்லை. ஆனால் தன் கேள்வி பெரிய கேள்வி, இரண்டாயிரம் மூவாயிரம் வருஷமாக மனிதர்கள் கேட்ட கேள்வி, அதற்கு அறிவியலும் தத்துவமும் இறையியலும் வெவ்வேறு விதமாகக் கை கொடுக்கின்றன என்று அவன் தெரிந்துகொண்டு போனான். கோர் பாடத்திட்டம் செய்ய வேண்டியது அதைத்தான். கோரில் அது விபத்தாக ஒரு நாள் நடக்காமல், திட்டத்தோடு நாலு வருஷம் நடக்கிறது.

இன்னொன்று. கெமிஸ்ட்ரி முடித்து சிப்காட்டில் வேலைக்குப் போன பழைய மாணவர் ஒருவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். கழிவுநீரில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்து எழுதுவது அவர் வேலை. எழுதிய எண்ணை மாற்றி எழுதச் சொல்கிறார்கள் என்றார். எந்தத் தொழிற்சாலை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "எனக்கு அது எவ்வளவுன்னு அளக்கத் தெரியும் சார். அதை வெச்சு என்ன பண்ணணும்னு யாரும் சொல்லித்தரல" என்றார். அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவே இல்லை. அவர் மூன்று வருஷம் எங்களிடம்தான் படித்தார், நாங்கள் சொல்லித்தரவில்லை. உங்கள் பெண் நாளைக்கு எழுதப் போகிற புரோகிராம் யாருக்கு லோன் கொடுக்கலாம், யாரை வேலைக்கு எடுக்கலாம் என்று தீர்மானிக்கலாம். அதில் அநியாயம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க மட்டும் இல்லை, மீட்டிங்கில் எழுந்து அதை வாதமாக எடுத்துவைக்கவும் வார்த்தை வேண்டும். அந்த வார்த்தைக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. கிரேக்கம், ரோம், ஐரோப்பா என்றே சுற்றிக்கொண்டிருக்கும் பாடங்கள் பல இடத்தில் இன்னும் உண்டு. பௌத்தத் தத்துவஞானி நாகார்ஜுனரோ சைவ சித்தாந்தம் எழுதிய மெய்கண்டாரோ வருவது அபூர்வம், வந்தால் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள். நியாயமான குறை, மாறிக்கொண்டும் இருக்கிறது. இன்னொரு குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பல பல்கலைக்கழகங்களில் கோர் என்ற பெயர் இருக்கிறது, உள்ளே பார்த்தால் 'வரலாறு என்ற தலைப்பில் இந்த 60 பாடங்களில் ஏதாவது ஒன்று' என்று இருக்கும். அது ஹோட்டலில் மெனு கார்டு பார்த்து ஆளுக்கொன்று சொல்வது மாதிரி. உண்மையான கோர் பந்தி. எல்லார் இலையிலும் ஒரே சாப்பாடு, அதனால்தான் பக்கத்து இலைக்காரரோடு சாப்பாட்டைப் பற்றிப் பேச முடிகிறது. கம்ப்யூட்டர் மாணவியும் நர்ஸிங் மாணவியும் ஒரே வாரத்தில் ஒரே நூலைப் படித்திருந்தால் ஹாஸ்டலில் ராத்திரி சண்டை போட்டுக்கொள்வார்கள், பாதிப் படிப்பு அங்கேதான். கலிஃபோர்னியாவில் தாமஸ் அக்குவினாஸ் கல்லூரி என்று ஒன்று, அங்கே மேஜரே கிடையாது, நாலு வருஷமும் எல்லாருக்கும் ஒரே பாடம். அது ஒரு எல்லை. உங்கள் பெண் சேரும் இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பட்டியலில் பாருங்கள், தத்துவத்துக்கும் இறையியலுக்கும் எல்லாரும் எடுக்க வேண்டிய பெயர் குறித்த பாடம் இருந்தால் நல்ல அறிகுறி.

ஏஜென்ட் சொன்ன யோசனைக்கு வருகிறேன். லீவில் வேறு கல்லூரியில் மலிவாக எடுத்து கிரெடிட்டை மாற்றிக்கொள்வது சில பாடங்களுக்கு நடக்கும், முன் அனுமதி வேண்டும், எல்லாவற்றுக்கும் விட மாட்டார்கள். பணம் ரொம்ப நெருக்கடி என்றால் கணக்கோ ஒரு அடிப்படை அறிவியலோ அப்படி எடுக்கட்டும், தப்பில்லை. தத்துவம், இறையியல், எழுத்துப் பயிற்சி, இந்த மூன்றையும் தயவுசெய்து அப்படித் தள்ளிவிடாதீர்கள் அம்மா. அந்தப் பல்கலைக்கழகத்தை வேறு பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துக்காட்டுவதே அதுதான். பிரியாணிக் கடைக்குப் போய் பிரியாணியை மட்டும் வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்பது போல ஆகிவிடும். கடைசி வருஷத்துக்குத் தள்ளுவதும் கூடாது, வேலை தேடும் அவசரத்தில் அது வெறும் சடங்காகிவிடும். முதல் வருஷத்திலேயே தத்துவம் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள், தர்க்கம் சேர்ந்த பாடமாகக் கிடைத்தால் ரொம்ப நல்லது, கம்ப்யூட்டருக்கும் அது நேராக உதவும். இறையியல் இரண்டில் ஒன்று ஒப்பீட்டு மதம் பற்றியதாக இருக்கலாமா என்று அட்வைசரிடம் கேட்கட்டும், பல இடங்களில் அனுமதி உண்டு.

விசா பற்றிய கவலையும் இருக்கும் என்று நினைக்கிறேன். எஃப் 1 என்ற மாணவர் விசாவில் இளநிலை மாணவர் ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும், அந்தக் கணக்கில் கோர் பாடங்களும் சேரும். மதிப்பெண் சராசரியிலும் சேரும், அதனால் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிளஸ் டூவில் சென்டம் வாங்கிய பிள்ளைக்கு அங்கே முதல் தத்துவக் கட்டுரை திரும்பி வரும்போது மார்க் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்தில் "இது ஆசிரியர் சொன்னது, நீ என்ன நினைக்கிறாய்?" என்று எழுதியிருப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியை யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள், அன்றைக்கு ராத்திரி உங்களுக்குப் போன் பண்ணி அழுவாள். கம்ப்யூட்டர் பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம், இதை ட்ராப் பண்ணிவிடு என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் அந்தப் பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்காரச் சொல்லுங்கள்.